கணக்கில் சேராத ஐந்தாவது ஆள்

எழுபதுகளின் நடுவில் ஈப்போ பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு வந்தது. ஐந்து பேர் ஓரிடத்தில் கூடக்கூடாது. கூடித்தான் ஆகவேண்டும் என்றால் டவுனில் போலீசிடம் பெர்மிட் வாங்க வேண்டும். இருட்டிய பிறகு யாரும் வெளியே நடமாடக்கூடாது. காட்டோரத்தில் நிலைமை சரியில்லை என்று காரணம் சொன்னார்கள். நாங்கள் காட்டோரம்தான் பிறந்து வளர்ந்தோம். நிலைமை எப்போது சரியாக இருந்தது என்று எங்களுக்கு ஞாபகம் இல்லாததால் பேசாமல் கேட்டுக்கொண்டோம்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. தினமும் விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் தோட்டமே கூடி நிற்கும். கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். இருக்கிறேன் என்று ஒவ்வொருவராகக் குரல் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போவோம். ஆணும் பெண்ணுமாக அத்தனை பேர் நின்றாலும் அது கூட்டம் ஆகாது. அதே ஆட்களில் ஐந்து பேர் மதியத்துக்குப் பிறகு ஒரு மரத்தடியில் நின்றால் அது கூட்டம். வேலைக்குக் கூடினால் பயம் இல்லை, பேசக் கூடினால்தான் பயம் என்று புரிந்துகொண்டேன். எனக்குப் பேசுவதே பயம் என்பதால் இந்தச் சட்டம் என்னைப் பெரிதாகத் தொடாது என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்களிடம் ஓர் உதவிக் குழு இருந்தது. சாவு விழுந்தால் பாடை கட்டுவது, கல்யாணம் என்றால் பந்தல் போட்டுச் சமைத்துப் பரிமாறுவது, இவைதான் அதன் வேலை. கூலி கிடையாது. பன்னிரண்டு பேர், அவர்களோடு நான். பாதிப் பேர் தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்தார்கள். மீதிப் பேர் தோட்டத்தை விட்டு லகாட்டுக்கும் ஈப்போவுக்கும் வேலைக்குப் போய்விட்டவர்கள். மாதம் ஒரு நாள், முன்பு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய ஆயாக்கொட்டகையில் கூடுவோம். கூட்டத்தில் என் வேலை பாய் விரிப்பது, கூட்டம் முடிந்ததும் பாயைச் சுருட்டுவது. நடுவில் கதவோரம் உட்கார்ந்திருப்பேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். அந்த ஆறு வருடத்திலும் வாத்தியார் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்றதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை.

குழுவின் தலைவர் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தார். சமையலில் கைகாரர். செயலாளர் லகாட்டில் லோரி ஓட்டினார். குழுவின் அண்டாக்களும் பெஞ்சுகளும் அவர் வீட்டுக் கொட்டகையில்தான் இருந்தன. ஒருவர் இல்லாமல் மற்றவரால் ஒரு பிடி சோறு ஆக்க முடியாது. ஒருவரை ஒருவர் கண்டாலும் ஆகாது.

காரணம் ஒரு பழைய கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்குச் சோறு பத்தவில்லை. செயலாளருக்குத் தலை எண்ணத் தெரியாது என்றார் தலைவர். தலைவருக்குக் கை கஞ்சம் என்றார் செயலாளர். அதன் பிறகு எந்தக் கூட்டத்தில் எதைப் பற்றிப் பேச்சு தொடங்கினாலும், கோயில் கூரை ஒழுகுவதாகவே இருக்கட்டும், அது அந்தக் கல்யாணத்துச் சோற்றில்தான் வந்து முடியும். இவர்கள் இருவரும் சண்டை போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பலனை அனுபவித்தது அந்தக் கல்யாணப் பெண். கட்டிக்கொடுத்த ஊரில் அவளைச் சோறு பத்தாத வீட்டுப் பொண்ணு என்றே கூப்பிட்டார்கள். இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அதே பெயர்தான்.

கட்டுப்பாடு வந்த அதே சமயத்தில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பா இல்லை. நான்தான் முன்னால் நிற்க வேண்டும். நிற்பதற்கு என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் தோட்டத்தில் கிடையாது. மாப்பிள்ளை வீடு தெலுக் இந்தான் பக்கம், செம்பனைத் தோட்டத்துக் குடும்பம். பரிசம் போட வந்த அன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"நாங்க சோத்துக்கு அலையறவங்க இல்ல தம்பி. ஆனா எங்காளுங்களுக்கு வாய் கொஞ்சம் நீளம் லா. கொறைன்னா பேசிப்புடுவாங்க."

நான் தலையை ஆட்டினேன். அவர் போன பிறகு அம்மா என்னைப் பார்த்தாள். "அந்த ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டா நம்ம புள்ளைக்கும் அதே பேருதான்டா," என்றாள். டவுனிலிருந்து சமையல்காரர்களைக் கூப்பிட எங்களுக்கு வக்கு இல்லை. கல்யாணம் முடியும் வரைக்கும் அவர்கள் இருவரும் முறைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கூட்டம் போட வழியில்லை என்றதும் செயலாளர் ஒரு யோசனை சொன்னார். லகாட்டில் ஒரு சீனர் கோப்பிக் கடை. கல் மேசை, ஒரு மேசைக்கு நாலு நாற்காலி. மூன்று மேசையில் நாலு நாலு பேராக, முன்பின் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்துகொள்வது. அவரவர் கோப்பியைப் பார்த்து உரக்கப் பேசுவது. அடுத்த மேசைக்கு அது கேட்கும். எந்த மேசையிலும் ஐந்து பேர் இல்லை, ஆகவே கூட்டமும் இல்லை.

"அப்ப இவன்?" என்று தலைவர் என்னைக் காட்டினார்.

"இவன் எங்க வேணும்னாலும் உக்காரட்டும். அஞ்சாவதா உக்காந்தாலும் நாலுன்னுதான் கணக்கு வரும்."

அப்படியே நடந்தது. பன்னிரண்டு பேர் அவரவர் கோப்பியோடு கல்யாண ஏற்பாடுகளைப் பேசினார்கள். நான் சுவரோரம் ஒரு முக்காலியில் இருந்தேன். பந்தல் முடிந்தது, வாழை இலை முடிந்தது. கடைக்காரர் வந்து இன்னும் ஏதாவது வேண்டுமா என்று மேசை மேசையாகக் கேட்டார். எல்லா மேசையும் ஒரே குரலில் வேண்டாம் என்றன. பிறகு செயலாளர் தன் குவளையைப் பார்த்து, "அரிசி எவ்ளோ போடறதுன்னு சொன்னா நல்லாருக்கும்," என்றார்.

தலைவர் தன் குவளையைப் பார்த்து, "தலை எண்ணத் தெரிஞ்ச ஆளு எண்ணிச் சொன்னா நானும் சொல்லுவேன்," என்றார்.

"கஞ்சக் கைக்கு எத்தன மூட்ட குடுத்து என்னா?"

"டேய், யாருடா கஞ்சம்?"

இரண்டு நாற்காலிகள் திரும்பின. அவரவர் பக்கத்து ஆட்களும் நியாயம் கேட்கத் திரும்பினார்கள். இரண்டு மேசை ஒரு மேசையாயிற்று. எதிரே முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு மாத்தா மாத்தா பாதி முகத்தில் சோப்போடு சாலையைத் தாண்டி வந்தார். போலீஸ்காரரைக் கண்டதும் எல்லோரும் கோப்பிக்குத் திரும்பிவிட்டார்கள்.

"இது என்ன கூட்டம்?" என்று அவர் மலாயில் கேட்டார்.

"தா அடா, எஞ்சே. மினும் கோப்பி," என்றார் தலைவர். ஒன்றுமில்லையாம், கோப்பி குடிக்கிறோமாம். குவளைகள் காலியாகி ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

அவர் விரலை நீட்டி எண்ணினார். நாலு, நாலு, நாலு. என்னைத் தாண்டித்தான் விரல் போனது, ஆனால் நிற்கவில்லை. இன்னொரு முறை இந்தப் பன்னிரண்டு முகங்களையும் ஒரே கடையில் பார்த்தால் லோரியில் ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டு மீதி முகத்தைச் சிரைத்துக்கொள்ளப் போனார்.

அன்றோடு கோப்பிக் கடையும் போயிற்று. இனி ஆள் விட்டுத்தான் பேசிக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. யாரை விடுவது என்பதில் மட்டும் தலைவருக்கும் செயலாளருக்கும் வாழ்நாளில் முதல் தடவையாகக் கருத்து வேறுபாடு வரவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குப் பேச வராதுண்ணே," என்றேன்.

"அதனாலதான்டா," என்றார் தலைவர். "நீ போனா ஒரு ஆளு போன மாதிரியே தெரியாது."

அப்படித்தான் குழுவில் வாயே திறக்காத நான் குழுவின் வாய் ஆனேன். மதியம் பால் நிறுத்துக் கொடுத்ததும் குளித்துவிட்டுச் சைக்கிளை எடுப்பேன். தோட்டத்திலிருந்து செம்மண் சாலை. பிறகு ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகளைச் சுற்றிக்கொண்டு லகாட். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். தலைவர் சொல்வதைச் செயலாளரிடம் சொல்லிவிட்டு அவர் சொல்வதை வாங்கிக்கொண்டு வரவேண்டும். மற்றவர்களுக்கும் போகிற வழியிலேயே தகவல் போய்விடும்.

முதல் நாள் தலைவர் சொல்லி அனுப்பியது இது: "அந்த எருமமாட்டுக்குப் போய்ச் சொல்லு. அண்டாவ வெளக்கி அனுப்பணும். போன தடவ மாதிரி எலிப் புழுக்கையோட வந்துச்சுன்னா அவன் தலையிலேயே கவுத்துருவேன்னு சொல்லு."

வழி நெடுக அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேதான் போனேன். செயலாளர் வீட்டு வாசலில் நின்றதும், "அண்ணே, அண்டாவ வெளக்கி அனுப்பச் சொன்னாருண்ணே," என்பதுதான் வந்தது. மீதியைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. தலையைச் சொறிந்தேன்.

"வெளக்கியா? அவன் மூஞ்சிய மொதல்ல வெளக்கச் சொல்லு," என்றார் செயலாளர்.

திரும்பி வந்தேன். "என்னாடா சொன்னான்?" என்று தலைவர் கேட்டார்.

"சரின்னாருண்ணே."

"சரின்னானா?" தலைவருக்கு ஆச்சரியம். அந்த மனிதரிடமிருந்து அப்படி ஒரு சொல்லை அவர் அதுவரை வாங்கியதில்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. பெரியவர்களைப் பார்த்து எருமை மாடு என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். போகும்போது முழம் நீளம் இருக்கும் செய்தி, குட்டைகளைச் சுற்றி வருவதற்குள் சாண் அளவுக்குச் சுருங்கிவிடும். அதில் ஆச்சரியம் என்னவென்றால், குழுவின் வேலைகள் அதற்கு முன் எப்போதும் அப்படி நடந்ததில்லை. பந்தலுக்கு மூங்கில் சொன்ன இடத்துக்கு வந்தது. நடுவில் ஒரு சாவு விழுந்தது. பாடைக்கும் தண்ணீருக்கும் ஆட்கள் நாலு நாலு பேராக வந்து போனார்கள், ஒரு சத்தம் இல்லை. கூடும்போதெல்லாம் கலைந்துபோகப் பார்த்த குழு, கூடக்கூடாது என்றதும் ஒட்டிக்கொண்டது. செத்தவர் வீட்டு ஆட்கள்கூடச் சொன்னார்கள்: "இப்பல்லாம் ஒத்துமையா இருக்கிங்க லா."

பிறகு கல்யாணத்துக்குப் பெர்மிட் வந்தது. நாங்கள் அழைத்திருந்ததில் பாதிப் பேருக்குத்தான் அனுமதி. பகலில் தாலி, பகலிலேயே சாப்பாடு, மாலைக்குள் எல்லோரும் கலைந்துவிட வேண்டும். அம்மா கேட்டுவிட்டு, "பாதி ஆளுக்குத்தான் சோறுன்னா பாதிக் கவலதான்," என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அந்த வாரம் செயலாளர் சொல்லி அனுப்பியது: "இந்தத் தடவையும் சோறு பத்தலன்னா அவன் கைய அடுப்புல வைப்பேன்னு சொல்லு." தலைவரிடம் அது, "அரிசி கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்னாருண்ணே," என்று போய்ச் சேர்ந்தது. தலைவர், "எனக்கு சொல்றானா? தலை எண்ணத் தெரியாதவன் மூட்டைய எண்ணியாவது அனுப்பட்டும்," என்றார். அது செயலாளரிடம், "கூட ஒரு மூட்ட இருந்தா நல்லதுன்னாருண்ணே," என்று போயிற்று. இரண்டு பேரும் அவரவர் பங்குக்குத் தாராளமாகிக்கொண்டே போனார்கள். நான் நடுவில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் செயலாளர் லோரியில் அண்டாக்களோடு வந்து இறங்கினார். கோப்பிக் கடைக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் சந்திப்பது அப்போதுதான். நான் விறகு அடுக்குவதுபோல் விறகுக்குப் பின்னால் போய் நின்றேன்.

தலைவர் அண்டாவைச் சுற்றி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "நல்லா வெளக்கியிருக்கு."

"தன்மையா சொல்லி அனுப்பிச்சிங்க. அதான்," என்றார் செயலாளர்.

தலைவர் நிமிர்ந்தார். "தன்மையாவா? நான் என்னா சொன்னேன்?"

"வெளக்கி அனுப்பச் சொன்னிங்கன்னு தம்பி சொன்னான்."

"வெளக்கியா! உன் தலையில கவுப்பேன்னு சொன்னேன்லா!"

என் தங்கையின் கல்யாணம் அந்த அண்டாவுக்குள் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். செயலாளர் சிரித்தார்.

"தெரியும் லா. உங்க வாயிலேருந்து என்னா வரும்னு எனக்கா தெரியாது? இவன் வந்து தலைய சொறிவான் பாருங்க. கொஞ்சமா சொறிஞ்சா எருமமாடு. ரொம்ப நேரம் சொறிஞ்சா எங்கம்மாவையும் சேத்துத் திட்டியிருக்கிங்கன்னு கணக்குப் போட்டுக்குவேன்."

"எங்கிட்ட வந்தா காதத் தடவுறான்," என்றார் தலைவர். அவரும் சிரித்தார். "பன்னெண்டு பேருல வேற ஆளா இல்ல? வாயுள்ள எவனயாவது அனுப்பியிருந்தா இன்னேரம் நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தன் லோக்காப்புல இருந்திருப்பான்."

ஆக, இத்தனை நாள் நான் கூச்சப்பட்டதெல்லாம் அவர்கள் எனக்குக் கொடுத்திருந்த வேலை. இது தெரிந்த பிறகு எனக்கு இன்னும் கூச்சமாகிவிட்டது.

சிரிப்பு மூட்டைகளைப் பார்க்கும் வரைதான். லோரியிலிருந்து இறங்கிய அரிசியும் தலைவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த அரிசியும் கொட்டகையில் இடிக்காமல் நடக்க முடியாதபடி நின்றன.

"பெர்மிட்டுல பாதி ஆளுதான்," என்றார் செயலாளர். "பாதி ஆக்குனா போதும். மீந்தா குட்டையிலயா கொட்டறது?"

"அப்பவும் இப்படித்தான் எண்ணுன," என்றார் தலைவர்.

"அப்ப எண்ணுனது சரிதான். அள்ளிப் போட்ட கைதான் சரியில்ல."

குரல் ஏறியது. காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். எந்த நிமிடமும் ஒருவர் கரண்டியை வீசிவிட்டு லயத்துக்குப் போவார், மற்றவர் லோரியில் ஏறுவார். வீட்டுக்குள் தங்கைக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். பெண்களின் பேச்சும் நின்றுவிட்டது. அவளுக்கும் கேட்டுவிட்டது என்று தெரிந்தது. இந்தச் சண்டையைக் குட்டைகளைச் சுற்றிக்கொண்டு போய்ச் சுருக்கிவர வழியில்லை. இருவரும் ஒரே இடத்தில் நின்றார்கள். எனக்குச் சைக்கிள் மிதிக்கத் தூரமே இல்லை.

விறகுக்குப் பின்னாலிருந்து, "எல்லாத்தையும் போடுங்கண்ணே," என்று ஒரு குரல் கேட்டது. யாருடைய குரல் என்று நானும்தான் திரும்பிப் பார்த்தேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கை தலைக்கும் போகவில்லை, காதுக்கும் போகவில்லை. "மீந்தா மீந்துட்டுப் போகட்டும்ணே," என்றேன்.

பிறகு தலைவர் மூட்டையின் வாயைப் பிரித்தார். செயலாளர் அண்டாவை அடுப்புக்கு இழுத்தார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் பெர்மிட்படி ஒரு பஸ்ஸில் வந்தார்கள். அம்மா தலையை எண்ணிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தாள். தாலி கட்டி முடிந்து முதல் பந்தி உட்காரும்போது ஒரு கார் வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். மாப்பிள்ளைக்குச் சித்தப்பா முறை. பின்னால் இன்னொரு கார், நாலு பேர். பீடோரிலிருந்து வந்த டாக்சியில் நாலு பேர். சாலையில் தடுப்புப் போட்டிருந்த போலீசுக்கு ஒவ்வொரு காரும் நாலு பேர் தனியாக எங்கோ போகிற கார்தான். பிறகு சைக்கிள்களிலும் ஒருவர் இருவராக வர ஆரம்பித்தார்கள். சட்டத்துக்குப் பயந்து வராமல் இருந்துவிடுவார்கள் என்று நாங்கள் நினைத்திருந்த அத்தனை பேரும் சட்டப்படியே வந்து சேர்ந்தார்கள்.

தாய்மாமன் என்னிடம் வந்தார். "நம்மாளுங்கதான் தம்பி. துண்டு துண்டா வந்தா சட்டம் ஒண்ணும் செய்யாதுன்னு நாந்தான் சொன்னேன். சூசாவா?" என்றார். சிரமமா என்று கேட்டுக்கொண்டே அவர் கண் அடுப்புப் பக்கம் போனது.

பந்திக்குப் பின் பந்தி உட்கார்ந்தது. தலைவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. செயலாளர் சோற்றுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். கடைசிப் பந்தி எழுந்தபோதும் அண்டாவின் அடியில் சோறு இருந்தது. தாய்மாமன் போய் அண்டாவுக்குள்ளேயே எட்டிப் பார்த்தார். பிறகு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மீந்ததை இலையில் கட்டி அவர் ஆட்களுக்கே கொடுத்தனுப்பினோம். கார் காருக்கு ஒரு பொட்டலமாக, இருட்டுவதற்குள் எல்லோரும் போய்விட்டார்கள். சோறு கட்டிக் குடுத்தனுப்புன வீடு என்று தெலுக் இந்தானில் என் தங்கையின் பிறந்த வீட்டைச் சொல்வார்களாம். அவளே வந்து சொன்னாள், சிரித்துக்கொண்டு.

சில காலம் கழித்துக் கட்டுப்பாடு தளர்ந்தது. முதல் கூட்டம் ஆயாக்கொட்டகையில். நான் பாய் விரித்தேன். ஒரு ஆள் குறையாமல் வந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது.

"இந்தத் தம்பி வீட்டுக் கல்யாணத்துல சோறு பத்துச்சுன்னா, அத்தனையும் போடணும்னு நான் பிடிவாதமா நின்னதுனாலதான்," என்று தலைவர் தொடங்கினார்.

செயலாளர் பாயில் முன்னால் நகர்ந்தார். "நீங்க நின்னிங்களா? மூட்ட யாரு லோரியில வந்துச்சு? கூட ஒண்ணு போட்டு அனுப்புனது யாரு?"

"நான் சொல்லாம நீ அனுப்புனியா?"

"நான் அனுப்பாம நீங்க ஆக்குனிங்களா?"

முன்பு சோறு பத்தாததற்கு யார் காரணம் என்று சண்டை. இப்போது சோறு பத்தியதற்கு யார் காரணம் என்று சண்டை. விறகுக்குப் பின்னாலிருந்து வந்த குரலைப் பற்றி யாருக்கும் ஞாபகம் இல்லை. ஞாபகப்படுத்தலாமா என்று கதவோரம் உட்கார்ந்து யோசித்தேன். எழுந்து நின்றால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால் விட்டுவிட்டேன்.

செயலாளர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் லோரி சத்தம் மறையும் வரை தலைவர் காத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கூட்டம் நமக்குச் சரிப்படாதுடா. பழைய மாதிரியே வச்சுக்குவோம். அடுத்த வாரம் ஒரு கல்யாணம் இருக்கு. நாளைக்குப் போய் அந்த எருமமாட்டுக்குச் சொல்லு..." என்று ஆரம்பித்து, நான் இதுவரை கேட்டிராத அளவுக்கு நீளமாகச் சொன்னார்.

தோட்டத்தை முதலாளிகள் துண்டு போட்டு விற்று, நாங்கள் எல்லோரும் ஈப்போவுக்கு வந்துவிட்ட பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. செயலாளர் வீட்டில் இப்போது டெலிபோன் இருக்கிறது, தலைவர் வீட்டிலும் இருக்கிறது. ஒருவருக்கு ஒருவர் அடித்துக்கொள்வதில்லை. இருவரும் என் வீட்டுக்குக் கீழே உள்ள மளிகைக் கடைக்கு அடிக்கிறார்கள். அரசாங்கம் எப்போதோ விலக்கிக்கொண்ட கட்டுப்பாட்டை எங்கள் குழு இன்னும் காப்பாற்றி வருகிறது.

அந்த முதல் கூட்டத்தன்று பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் மதியம் சைக்கிளை எடுத்தேன். தலைவர் சொன்னதை முதலிலிருந்து ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். முதல் குட்டையைத் தாண்டும்போது எருமை போயிற்று. இரண்டாவது குட்டையில் செயலாளரின் அம்மா போனார். லகாட் தெரிய ஆரம்பித்தபோது, போன தடவை மாதிரியே தாராளமாக இருக்கட்டும் என்பது மட்டும் மிச்சமிருந்தது. செயலாளர் வாசலிலேயே நின்றிருந்தார். என்னைக் கண்டதும் என் வாயைப் பார்க்கவில்லை. என் கை எங்கே போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.